நான் தேடிய கார்த்தும் யோகன் தேடிய கார்த்தும்

தகரப்பெட்டியைத் திறந்ததும் துருவும் பழைய புகையிலையும் கலந்த மணம் மூக்கில் ஏறியது...

பிரெஞ்சு ஊரான திரான்சியில் பழைய சாமான் விற்கிற சந்தை. 2010 என்று நினைக்கிறேன். ஆணி போட்டு வைக்கத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். அடியில் ஒரு சின்ன அட்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன், கையில் உருண்ட மட்டை. பின்பக்கம் ஆங்கிலத்தில் சிகரெட் விளம்பரம்.

"கிரிக்கெட் மட்டையை ஏன் இப்பிடிச் சீவி வைச்சிருக்கிறான்?" என்று கேட்டேன். மகள் தலையில் கைவைத்தாள். "அப்பா! அது பேஸ்போல்!"

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் இப்படி அட்டை வைத்து விற்றார்களாம். சிலது உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியிருக்கிறதாம்; விலை லட்சக்கணக்கிலாம். இணையத்தில் இதைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. பத்தாம் வகுப்போடு நின்ற நான் ஆராய்ச்சியாளன் ஆனேன்!

பிழை எங்கே விட்டேன் என்றால்... ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் போய் விசாரித்ததுதான்.

"அண்ணை, பழைய கார்த் ஒண்டு கையிலை இருக்கு. எங்கை இருந்து வந்தது, ஒரிஜினலோ எண்டு பாக்க வேணும்."

மரக்கறிக் கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்தார். "மெல்லக் கதையும் ஐசே! வெளியிலை பொலிஸ் நிக்கிறான்."

பிரெஞ்சில் கார்த் என்றால் எந்த அட்டையும்தான்; எங்கள் ஆட்களுக்கோ ஒன்றே ஒன்றுதான். பிரெஞ்சு அரசாங்கம் தருகிற வதிவிட அட்டை. பேஸ்போல் என்றேன், புகையிலை என்றேன்... ஒருவர் காதிலும் ஏறவில்லை. பஜோல் தெருக் கோயில் வாசலில் ஒருவர் வக்கீலின் நம்பர் தந்தார். இன்னொருவர், "பழைய கார்த் எண்டால் குடுத்திட்டுப் புதுசை எடும்" என்று புத்தி சொன்னார். கடவுளே!

அந்தக் கிழமையே யோகன் வந்து நின்றான். நான் சமைத்த உணவகத்தில் கோப்பை கழுவியவன். மனைவி வவுனியா முகாமில். கார்த் கிடைத்தால்தான் அவளைக் கூப்பிடலாம். அவனுடைய அகதி மனுவுக்கோ 'ரிஜே' வந்துவிட்டது. நிராகரிப்பு.

"அண்ணை, நீங்கள் கார்த் எடுத்துக் குடுக்கிறியளாம்... எனக்கும் ஒண்டு."

பேஸ்போல்காரனை எடுத்துக் காட்டினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி அண்ணை. உங்கடை கார்த்தாவது ஒரிஜினலா இருக்கட்டும்."

பிறகு அவனும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டான். ஒரு லீவு நாளில், பழைய முத்திரை விற்கும் பிரெஞ்சுக் கிழவரிடம் இருவரும் போனோம். கிழவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அச்சுப் புள்ளிகள் புதியவையாம். நகலாம்.

"இதுக்கும் ரிஜேயோ?" யோகன் என்னைவிட அதிகம் கொதித்தான். "விடாதேங்கோ அண்ணை, அப்பீல் போடுவம்!"

நடுத்தெருவில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தோம். அவன் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தான்.

அவனுடைய அப்பீல் பிறகு உண்மையிலேயே வென்றது. மனைவி வந்து சேர்ந்தாள். ஓல்னே என்கிற ஊரில் வீடு, இரண்டு பிள்ளைகள்.

இப்போது எந்த அட்டையையும் போனில் படம் எடுத்தால், அது எங்கே அச்சடித்தது என்றுகூடச் சொல்லிவிடுகிறது. யாரிடமும் போய்ப் பேச்சு வாங்கத் தேவையில்லை...

போன மாதம் யோகன் போன் எடுத்தான். கார்த் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் இணையத்தில்தான். அலுவலகத்தில் நேரம் பதிகிற பக்கத்தை எப்போது திறந்தாலும் 'இடம் இல்லை' என்கிறதாம்.

"முந்தி எண்டால் வரிசையிலை நிண்டு பக்கத்திலை நிக்கிறவையைக் கேப்பம் அண்ணை. பிழையாச் சொன்னாலும் ஆராவது ஏதாவது சொல்லுவினம். இப்ப ஆரைக் கேக்கிறது?"



"வெளிக்கிட்டு இஞ்சை வா," என்றேன். "ரெண்டு பேருமாய் இருந்து பாப்பம்."