எழிலரசிக்குப் பால் ஆகாது

தனத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே தூக்கம் வரும். பீர்க்கன்கரணையில் ஏறிக் கம்பியைப் பிடித்தால் கண் சொருகிவிடும். குரோம்பேட்டை வந்ததும் யாராவது முழங்கையால் இடித்து எழுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு சட்டை கம்பெனியில் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதம், மகள் எழிலரசிக்கு மூன்று மாதம் முடிந்த கையோடு திரும்ப வேலைக்குப் போனாளே, அப்போது பிடித்த தூக்கம் அது. வருஷக்கணக்கில் அவளை விடவில்லை.

புருஷன் ஏகநாதன் பல்லாவரத்தில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். பகலில் குழந்தையைப் பக்கத்து வீட்டுச் செல்வமேரி பார்த்துக்கொண்டாள். பிள்ளை இல்லாதவள், ஆனாலும் குழந்தையைத் தூக்குகிற கை அவ்வளவு பதமான கை. காலையிலும் சாயங்காலமும் தனம் தன் பாலைக் கொடுத்தாள். நடுவில் டெப்போ பால், தண்ணீர் கலந்து காய்ச்சி, பாட்டிலில்.

ஜூன் கடைசியில் குழந்தையின் கன்னம் சிவந்தது. அப்புறம் காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில். சொறிந்து சொறிந்து நீர் வடிந்தது. செல்வமேரி தன் வீட்டுக்காரரின் பழைய சாக்ஸை வெட்டிக் குழந்தையின் இரண்டு கையிலும் மாட்டிவிட்டாள். குடித்த பாலில் பாதி வெளியே வந்துவிடும். நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை வயிறு போகும். சில நாள் அதில் சளியும், நூல் நூலாக ரத்தமும்.

"கரப்பான்" என்றாள் காந்திமதி. ஏகநாதனின் அக்கா அவள். கோவிலம்பாக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். கரப்பான் என்று ஆனதும் கூடவே பத்தியமும் வந்தது. பால் கொடுக்கிறவள் கத்திரிக்காய் தொடக்கூடாது, கருவாடு கூடாது, எறா கூடாது, வேர்க்கடலை கூடாது. தனம் நாளெல்லாம் மெஷின் மிதித்துவிட்டு வந்து ரசமும் மோருமாகச் சாப்பிட்டாள். எதெது ஆகாது என்று அத்தனை பேர் சொன்னார்களே, அதில் ஒருவர் வாயிலும் பால் வரவில்லை. வரும் என்று யாருக்குத் தோன்றும்?

வயிற்றில் சிக்கியதைத் தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் போனார்கள். அவள் குழந்தையின் வயிற்றை நீவி, வாயால் ஊதி, எதையோ எடுத்துக் காட்டினாள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். பெருங்களத்தூரில் ஒரு டாக்டர், "பல்லு முளைக்கிற நேரம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று கிருமிக்கு மருந்து எழுதினார். எடை பார்த்துவிட்டு, "பிள்ளை இளைச்சிருக்கே, பாலை ஜாஸ்தியாக் குடு" என்றார். தனம் செல்வமேரியிடம் தண்ணீர் கலக்காமல் கெட்டிப் பாலாகவே கொடுக்கச் சொன்னாள். எல்லா வாரத்தையும்விட அந்த வாரம்தான் மோசமாகப் போனது.

அவள் யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. எழிலரசிக்கு முன்னால் ஒரு பையன். பூவராகன் என்று பேர் வைத்திருந்தார்கள். அவனும் இப்படித்தான் கக்கினான், அவனுக்கும் இப்படித்தான் வயிறு போனது. எட்டாவது மாசத்தில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவன் உடம்பு ஜில்லிட்டுப்போனது. பேதி என்று எழுதிக் கொடுத்தார்கள். "ஒன் ராசி அப்டிகீது" என்று காந்திமதி அப்போது ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். தனத்துக்கு அது போதுமாக இருந்தது.

நவம்பரில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு பீர்க்கன்கரணை ஏரி தளும்பித் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஏகநாதன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்னால் தனமும் செல்வமேரியும் ஒரு மூட்டைத் துணியோடு. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பம் சேர்ந்திருந்தது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி ஆளுக்கு ஒரு பாய் அகலம் பிரித்துக்கொண்டார்கள். பால் வண்டி வரவில்லை. கஞ்சி வந்தது, மறுநாள் பருப்பு சாதம், யாரோ ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போக வழியில்லாததால் தனம் குழந்தை அழுதபோதெல்லாம் தன் பாலையே கொடுத்தாள். அவளுக்கும் அங்கே மோரில்லை, டீயில்லை.

நான்காம் நாள் எழிலரசி சொறிவதை விட்டாள். ஐந்தாம் நாள் காதுக்குப் பின்னால் இருந்த புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. வயிறு ஒரு தடவைதான் போனது, அதுவும் இறுகி. சாக்ஸைக் கழற்றிவிட்டதும் குழந்தை தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கயிறு இப்போதுதான் வேலை செய்கிறது என்றான் ஏகநாதன். செல்வமேரி தன் ஜெபம் என்று நினைத்திருப்பாள், சொல்லவில்லை. தனம் எதுவும் நினைக்கவில்லை. குழந்தை தூங்கியது, அவளும் தூங்கினாள்.

ஏழாம் நாள் காலையில் நிவாரணத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் பால் பவுடர் கொடுத்தார்கள். தனம் வெந்நீரில் கரைத்து ஸ்பூனால் புகட்டினாள். ஆறு ஸ்பூன் போயிருக்கும். உதட்டைச் சுற்றிச் சிவந்தது. டம்ளரைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் கண் இமை வீங்கி, வயிறு முதுகெல்லாம் காணாக்கடி மாதிரித் தடித்துவிட்டது. குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு வீறிட்டு அழுதது.

"வெள்ளத்துல எதுனா பூச்சி கட்ச்சிருக்கும்" என்றார்கள் பக்கத்துப் பாய்க்காரர்கள்.

தடிப்பு அடங்க மத்தியானம் ஆயிற்று. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தனம் செல்வமேரியிடம் போய் உட்கார்ந்தாள்.

"மேரிக்கா, இந்த ஆறு நாளா இது இன்னா துன்னுச்சு?"

"நாம துன்னதுதான். கஞ்சி, பருப்பு சோறு, வாயப்பயம்."

"பாலு?"

"பாலு ஏது? வண்டியே வர்லியே."

சொல்லிவிட்டு செல்வமேரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தானே தனம் டெய்லி ஊட்டுனேன்" என்றாள் செல்வமேரி. "ஒரு சொட்டு வுடாம ஊட்டுவேனே."

ஏகநாதன் நம்பவில்லை. "பாலு இன்னாடி பண்ணும்? ஊர்ல எல்லாப் புள்ளையும் அதைக் குட்ச்சுதானே வளருது?" என்றான். தனத்துக்கு வாதாடத் தெம்பில்லை. "எனக்கும் தெர்ல. ஆனா இனிமே குடுக்கமாட்டேன்" என்றாள்.

தண்ணீர் வடிந்ததும், தாம்பரத்தில் சாயங்காலம் மட்டும் குழந்தைகளைப் பார்க்கும் தட்சிணாமூர்த்தி என்ற டாக்டரிடம் போனாள். சின்ன வயசுக்காரர். அவரும் பல் என்று சொல்வார், கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதல்லேருந்து சொல்லுங்க. என்னிக்கு என்ன கொடுத்தீங்க, எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சு?" என்றார். தனம் நாள் நாளாகச் சொன்னாள். இத்தனை மாசத்தில் இதை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை என்பதே சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"குழந்தைக்குப் பால் ஒத்துக்கலைம்மா. அலர்ஜி. உடம்பு அதை விஷம் மாதிரி எதிர்க்குது. சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"என் பாலுமா சார்?"

"உங்க பால் இல்லை, மாட்டுப்பால். ஆனா நீங்க குடிக்கிறது கொஞ்சம் உங்க பால் வழியாவும் போகும். அதனால நீங்களும் பால், தயிர், மோர், நெய் எல்லாத்தையும் நிறுத்துங்க. ஆட்டுப்பால், எருமைப்பால்னு மாத்தியும் கொடுக்காதீங்க. கேவுரு, பருப்பு, கீரை, முட்டை, முள்ளோட மசிச்ச சின்ன மீன், இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. நீங்க கருவாடும் கத்திரிக்காயும் தாராளமாச் சாப்பிடலாம்."

எழுந்தவள் வாசலில் நின்றாள். பூவராகனைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. கேட்டால் அவர் ஆமாம் என்பார், அல்லது இப்போது சொல்ல முடியாது என்பார். இரண்டில் எதையும் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடக்க முடியுமென்று தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கம்பெனியில் பத்தரை மணிக்கு வரும் டீதான் நாளில் அவளுக்கென்று இருந்த ஒரே ஐந்து நிமிஷம். அதைக் கறுப்பாகக் குடிக்கப் பழகினாள். எழிலரசி ஒரு மாதத்தில் தேறினாள். தோல் ஆறி, தொடையில் சதை பிடித்து, தவழ ஆரம்பித்தாள். நோய் இவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. மனுஷர்கள்தான் போகவில்லை. பால் எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிஸ்கட்டில் இருந்தது, பன்னில், மிட்டாயில், கோயில் பொங்கல் நெய்யில் இருந்தது. குழந்தையின் கையில் ஆசையாய் எதையாவது திணிக்கிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டும். சொன்னால், "பால் வாங்கக் கஞ்சத்தனம்" என்றார்கள், "பைத்தியம்" என்றார்கள். ஒரே சங்கதியை ஒரு நாளில் நான்கு பேருக்குச் சொல்லிச் சொல்லித் தனத்தின் குரலே தட்டையாகிவிட்டது.

எண்பத்தெட்டில், கோவிலம்பாக்கத்தில் காந்திமதியின் பேத்திக்குக் காது குத்தினார்கள். எழிலரசிக்கு மூன்று வயது. பந்தியில் பாயசம் வந்தபோது தனம் இலையை மறித்தாள். அவள் கை கழுவப் போன நேரத்தில் காந்திமதி குழந்தையை மடியில் வைத்து ஊட்டிவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பால் வாசனையே தெரியாமல் ஒரு பெண் வளர்வதை அவளால் பொறுக்க முடியவில்லை.

தனம் திரும்பி வந்தபோது குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமியது. உதடு தடித்து வெளியே தள்ளியிருந்தது. மூச்சில் விசில் சத்தம்.

"இன்னா குட்த?"

"ரெண்டு வாய்தான், தனம்..."

ஆட்டோவில் தாம்பரத்துக்குப் போக நேரமில்லை. மேடவாக்கம் ரோட்டில் முதலில் கண்ணில் பட்ட நர்ஸிங் ஹோமில் நிறுத்தச் சொன்னாள். உள்ளே ஓடி, "பால் அலர்ஜி. பாயசம் குட்ச்சுட்டா. மூச்சு வாங்குது. ஊசி போடுங்க" என்று, எத்தனையோ தடவை சொன்ன அதே தட்டைக் குரலில் சொன்னாள். டாக்டர் மறு கேள்வி கேட்கவில்லை. தொடையில் ஊசி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள்.

பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் வந்த காந்திமதி பட்டுப்புடவையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தனத்தைப் பார்த்ததும் எழுந்தாள். வாய் கோணிக்கொண்டது. திட்டவேண்டும் என்று தனத்துக்கும் இருந்தது. ஆனால், "கொஞ்சம் நவுருக்கா, நான் குந்திக்கிறேன்" என்றாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து காந்திமதி தெரிந்தவர் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதலில் சமையல்காரரிடம் போய், "எங்க கொயந்த ஒண்ணு கீது, பால் பட்டா மூச்சு நின்னுடும், அதுக்குத் தனியா எடுத்து வையி" என்று சண்டைக்கு நிற்பவள்போலச் சொல்லத் தொடங்கினாள். இப்படியாகத் தனம் சொல்லவேண்டிய நான்கு பேரில் ஒருவர் குறைந்தார்.

எழிலரசிக்கு ஐந்து வயதானபோது டாக்டர் தட்சிணாமூர்த்தி தன் கிளினிக்கிலேயே, ஊசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பாலை உதட்டில் வைத்துப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் தடித்தது. "இன்னும் காலம் ஆகலைம்மா. நிறையக் குழந்தைங்களுக்கு வளர வளரப் போயிடும். பார்ப்போம்" என்றார். தனம் தலையாட்டினாள். எழிலரசி பள்ளிக்கூடம் போனாள். பிறந்தநாள் மிட்டாயை வாங்கிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடக் கற்றுக்கொண்டாள்.

தொண்ணூற்று நான்கில், ஒன்பது வயதில், மறுபடி பார்த்தார்கள். உதட்டில் ஒரு சொட்டு. அப்புறம் அரை ஸ்பூன். அப்புறம் ஒரு ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம். தனம் லீவு போட்டு வந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் டம்ளர் ஆயிற்று, அரை டம்ளர் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் முதுகில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார், சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தார், சிரித்தார்.

"போயிடுச்சும்மா. இனிமே குடிக்கலாம். ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க."

கம்பவுண்டர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தனம் மீதிப் பாலை மகளிடம் நீட்டினாள். எழிலரசி டம்ளரை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

"நாத்தமா கீதும்மா. எனக்கு வேணாம்."

தனம் டம்ளரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். டாக்டர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

"சரி, வுடு" என்றாள் தனம். "கெளம்பு, பஸ்ல கூட்டம் ஏறிடும்."