கடைசியா வந்தது யாருங்க?

பீளமேட்டில் எங்கள் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கிடையாது. உள்ளே வருகிறவர் வாசலிலேயே நின்று, "கடைசியா வந்தது யாருங்க?" என்று கேட்க வேண்டும். பெஞ்சில் ஒரு கை எழும்பும். அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவர் உள்ளே போய்வந்தால் அடுத்தது நாம். இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு சண்டை வந்ததில்லை. எப்படி வரும்? "உங்களுக்கு அவசரம்னா நீங்க போங்க" என்பார் ஒருவர். "ஐயோ, பரவால்லீங்க, நீங்களே போங்க" என்பார் மற்றவர். மரியாதையில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த மரியாதையைச் சாக்காக வைத்துத்தான் அந்த ஆடி மாதம் நான் டாக்டரைப் பார்க்காமலே கிளினிக்குக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். வலியில்லை, காய்ச்சலில்லை. வலித்திருந்தாலாவது முனகிக் காட்டியிருப்பேன். வலிக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? அதுவும் அந்த டாக்டரிடம். என் பையனுக்குப் பல் முளைத்த காய்ச்சலிலிருந்து பார்த்தவர், எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர், என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். அவர் முன்னால் மார்பு என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. பட்டறையிலிருந்து களைத்து வரும் கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு எண்ணம். படித்தவள், கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள், எனக்கு இப்படி ஒரு புத்தி.

வேலை முடிந்து நேராக அங்கே போவேன். வெளியே ஆடிக்காற்று. மலைப்பக்கமிருந்து வந்த சாரல், தூசு மாதிரி, நனைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மழை. கதவு தானாகத் திறந்து தானாக மூடும். விமானம் ஒன்று கூரைக்கு மேலே தாழ்வாகப் போகும்போது சுவரில் மாட்டிய காலண்டர் நடுங்கும். மின்விசிறியின் கீழே காய்ச்சல்காரப் பிள்ளைகள் அம்மாக்களின் தோளில் சரிந்து தூங்குவார்கள். டெட்டால் வாசனையும் ஈரச் சேலை வாசனையும் யாரோ பையில் வைத்திருக்கும் மல்லிகை வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். எனக்கும் கண் செருகும்.

செருகினால் அந்த பெஞ்சு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற பஸ்ஸாகிவிடும். வளைவுக்கு வளைவு எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்வோம், மறுபடி மறுபக்கம் சாய்வோம். ஜன்னலுக்கு வெளியே மேகம். யாருக்கும் எங்கேயும் அவசரமில்லை. கண்டக்டர் வந்து, "நீங்க எங்கீங்க எறங்கோணும்?" என்று கேட்பார். எனக்கு ஊர்ப்பெயர் வாயில் வராது. பரவாயில்லை, போகட்டும், இப்படியே போய்க்கொண்டிருந்தால் நல்லது என்று தோன்றும். கைக்குட்டைக்குள் வைத்து முடிந்தாற்போல அந்தக் கட்டியும் என்னோடு பத்திரமாக வந்துகொண்டிருக்கும்.

"அம்மணி, அடுத்தது நீங்கதானுங்க" என்று நர்ஸம்மா தொடுவாள். விழித்துக்கொண்டு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கைக்குழந்தைக்காரி இருந்தால் அவள். இருமுகிறவர் இருந்தால் அவர். "நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க." அவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். எத்தனை நல்ல மனசு இந்தம்மாவுக்கு! எல்லாரையும் அனுப்பிவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிடுவேன். ஒருநாள் அனுப்பி வைக்க ஆளில்லாமல் மாட்டிக்கொண்டு உள்ளே போய், "சளிங்க" என்றேன். டாக்டர் சளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இல்லாத சளிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினோம். நானும், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரும். சத்தியமங்கலம் பக்கம் விவசாயம், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. முறைப்படி என் முறை.

"நீங்க போங்க," என்றேன்.

"அதெப்படிங்க, நீங்கதான மொதல்ல வந்தீங்க. நீங்க போங்கம்மணி."

"வயசுல பெரியவங்க. நீங்க போங்க."

"பொம்பளைங்க நேரத்தோட ஊட்டுக்குப் போகோணுமல்லங்க. நீங்க போங்க."

உள்ளே மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. மறுபடி அடித்தது. நர்ஸம்மா வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏனுங்க, ரெண்டு பேரும் இப்படியே உபசாரம் பண்ணீட்டிருந்தா டாக்டர் கதவப் பூட்டீட்டுப் போயிருவாருங்க."

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முந்தாநாளும் இப்படித்தானுங்க. எல்லாத்தையும் முன்னால உட்டுப்போட்டு நான் எந்திரிச்சுப் போயிட்டேன். பயமா இருக்குதுங்க அம்மணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த பஸ்ஸில் நான் மட்டும்தான் இறங்க மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"எனக்கும்தானுங்க," என்றேன். அதைச் சொன்ன வேகத்திலேயே எழுந்து உள்ளே போய்விட்டேன். நின்றிருந்தால் போயிருக்க மாட்டேன்.

டாக்டர் என்ன என்று கேட்கும் முன்பே, மேஜையைப் பார்த்துக்கொண்டு, "மாருல ஒரு கட்டிங்க" என்றேன். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. அவர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டார், திரையை இழுத்தார்கள், பார்த்தார்கள். "எத்தன நாளா இருக்குது அம்மணி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நாளைக்கே ஸ்கேன் எடுக்கோணும். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். தனியா போகாதீங்க, அவரக் கூட்டீட்டுப் போங்க" என்றார்.

பின்னால் ஆபரேஷன், மருந்து, முடி கொட்டியது, முளைத்தது எல்லாம் நடந்தது. பிழைத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியே வந்தேன்.

பெரியவர் எழுந்து நின்றிருந்தார். "சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிட்டேனுங்க. போங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாரலோடு உள்ளே வந்தாள். பெரியவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, பார்க்க வேண்டும்! "கைக்கொழந்தைங்க, நீங்க போங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்காரப் போனார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உக்காரக் கூடாது!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு பெரிய மனுஷரிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. "எந்திரிங்க. நீங்கதான் போகோணும். அந்தக் கண்ணு இருக்கும். கொழந்தைய நான் புடிச்சுக்கறேன், போங்க உள்ள!"

குழந்தைக்காரி மிரண்டு போய்விட்டாள். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கதவு காற்றில் முழுதாக மூடவில்லை. "ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் வருதுங்க" என்று அவர் சொல்வது கேட்டது.

அந்தக் குழந்தை என் வலது தோளில் சூடாகத் தூங்கியது. நான் அழுதேன். அந்தப் பெண் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். பிறகு ஒரு கையால் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டேன். கணவர் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "என்ன, லேட்டாகுமா?" என்றார்.

"ஏனுங்க," என்றேன். "வண்டி எடுத்துட்டு கிளினிக்குக்கு வாங்க. எனக்கு பயமா இருக்குதுங்க."