இடையின ரகரம்

சூலைத் திங்கள் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் பள்ளி மணி அடித்தபோதும் ஓயவில்லை. சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்தியிருந்ததால் ஏழாம் வகுப்பு அறை இருண்டு கிடந்தது. திரையில் எழுத்துகள் பளிச்சென்று தெரியும் என்று பயிற்சி ஆசிரியை மகிழ்ந்தாள்.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. தாய் ஆயத்த ஆடை ஆலையில் பொத்தான் தைப்பவர். அண்ணன் கைப்பேசி பழுது பார்ப்பவன். கல்வியியல் கல்லூரி அவளை நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்காக அந்தப் பள்ளிக்கு அனுப்பியிருந்தது. இதில் தேறாவிட்டால் இன்னோர் ஆண்டு படிக்க வேண்டும். அவள் முதல் நாள் கரும்பலகையில் எழுதியதைக் கண்ட வழிகாட்டி ஆசிரியை, பிள்ளைகளின் காதில் விழும்படியே, "என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு! யாரு படிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அது பொய்யன்று. கையால் எழுதியதைவிடக் கைப்பேசியில் எழுதியதே அவள் வாழ்வில் மிகுதி. அன்று மாலையே அண்ணனின் கடையிலிருந்து பழைய புரொஜக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"டீச்சரம்மாவுக்குச் சாக்பீஸ் கனக்குதோ?" என்றான் அண்ணன்.

"உன் வாயை மொதல்ல ரிப்பேர் பண்ணு. ஒயர் எங்கே?"

அதன்பின் வகுப்பு அவள் வசமாயிற்று. ஆசிரியர் அறையில் 'சினிமா டீச்சர்' என்று கேலி செய்தார்கள். ஆனால் சொல்வதெழுதுதலில் வகுப்பின் சராசரி இருபத்தைந்துக்குப் பதினொன்றிலிருந்து பதினாறாக உயர்ந்ததை எவராலும் மறுக்க முடியவில்லை. பாடவேளை முடிந்ததும் திரையில் உள்ள பக்கம் பெற்றோரின் கைப்பேசிக் குழுவுக்குத் தானாகவே போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தவளும் அவளே.

அவள் தட்டச்சு செய்யும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒலிக்கேற்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். வெறுமனே தட்டினால் இடையின ரகரம் விழும்; வல்லின றகரம் வேண்டுமாயின் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முந்தைய வாரம் அவளே கற்பித்திருந்தாள். இறத்தல் என்றால் சாதல். இரத்தல் என்றால் பிச்சை எடுத்தல். பின்னதற்குத் தட்டேந்திய கை ஒன்றின் படத்தையும் காட்டினாள். பிள்ளைகளுக்கு அந்தப் படம் நன்றாகவே நினைவில் நின்றது.

அன்றைய பாடம் இறந்தகால வினைமுற்று. ஒவ்வொருவரும் தம் தந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் அதை எழுத்துத் தமிழாக்கித் திரையில் இடுவாள். 'என் அப்பா மிதிவண்டி வாங்கினார்.' 'என் அப்பா என்னைத் திட்டினார்.' சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பில், கடைசியாக மூன்றாம் வரிசையிலிருந்து ஒற்றைச் சடைக்காரி எழுந்தாள். அந்த ஆண்டுதான் வேறோர் ஊரிலிருந்து வந்து சேர்ந்த சிறுமி.

"எங்க அப்பா போன வருஷம் இறந்துட்டாரு டீச்சர்."

இதை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளாமல் போனோமே என்று பயிற்சி ஆசிரியைக்கு முகம் சுருங்கியது. விரைந்து கடந்துவிட எண்ணி, தலை நிமிராமலே தட்டினாள். மணி அடித்தது. வழக்கம்போலப் பிள்ளைகள் திரையைப் பார்த்து ஒரே குரலில் படித்தார்கள். பாதியில் ஒரு குரல் எழுந்தது:

"டீச்சர், இவ அப்பா பிச்சை எடுத்தாரா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் நிமிர்ந்தாள். 'என் அப்பா போன வருடம் இரந்தார்.' உடனே திருத்தினாள். ஆனால் பக்கம் அதற்குள் நாற்பது கைப்பேசிகளுக்குப் போயிருந்தது. கரும்பலகையாக இருந்தால் துடைத்திருக்கலாம். பதற்றத்தில் அவள் குழுவுக்கு இன்னொரு செய்தி அனுப்பினாள்: 'கடைசி வரியில் தட்டச்சுப் பிழை. இரந்தார் என்பதை இறந்தார் என்று படிக்கவும்.' அதுவரை கவனிக்காதவர்களும் அதைப் பார்த்தபின் கடைசி வரியைத் தேடிப் படித்தார்கள். ஒரு தகப்பனார் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சிறுமி அருகில் வந்து நின்றாள். அழவில்லை.

"உங்களுக்கு யாரு டீச்சர் சொன்னாங்க?"

"எதைம்மா?"

சிறுமி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான்காம் நாள் பயிற்சி ஆசிரியை வீடு தேடிச் சென்றாள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. தாய் ஈரக் கையோடு கதவைத் திறந்தார். உள்ளே தகரப் பெட்டியும் இரண்டு மூட்டைகளும் கட்டப்பட்டிருந்தன. சிறுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு. தப்பா விழுந்திருச்சு."

"எனக்கு எழுத்தெல்லாம் தெரியாதும்மா. மேல் வீட்டுக்காரிதான் படிச்சுச் சொன்னா." தாய் குரலைத் தாழ்த்தினார். "மில்லு மெஷின்ல அவருக்கு ரெண்டு கையும் போச்சு. ஏழு மாசம் ரயிலடி வாசல்ல, நான் விரிச்சுப் போட்ட துண்டு முன்னால உட்கார்ந்தாரு. அப்புறம்தான் செத்தாரு. ஸ்கூல்ல எல்லாரும் இவளைக் கேலி பண்ணி அழ வெச்சாங்க. அதனாலதான் யாருக்கும் தெரியாத இந்த ஊருக்கு வந்தோம். நீங்க தப்புன்னு சொல்றீங்க. சரியாத்தானே எழுதியிருக்கீங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாமலேதான் எழுதியிருப்பீங்க. இப்ப தெருவுக்கே தெரிஞ்சுபோச்சே."

"எங்கே போறீங்க?"

"அதைச் சொன்னா அங்கேயும் தெரியும்."

"பாப்பாவோட படிப்பு?"

தாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே பள்ளிக்கூடமே வேணாங்கிறா. என்கூட வேலைக்கு வர்றாளாம்."

மறுவாரம் அந்த அறையில் வேறொருவர் குடியிருந்தார்.

பயிற்சி முடிவில் 'வகுப்பறையில் தொழில்நுட்பம்: என் அனுபவம்' என்ற பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அந்தப் பொண்ணு விஷயத்தை எழுதாதே. கேட்டாலும் வாயைத் திறக்காதே. பாஸ் பண்ணிட்டுப் போய்ச் சேரு." அவளும் எழுதவில்லை. இருபத்திரண்டு பக்கங்கள், மதிப்பெண் ஏறிய வரைபடங்கள், பெற்றோரின் பாராட்டுகள்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்களாக நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். தலைவர் பதிவேட்டைப் புரட்டி மெச்சினார். எங்கள் பட்டியலில் அவளுக்கு எண்பத்தெட்டு மதிப்பெண் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. முடிக்கும் முன், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியையே தலைவர் அவளிடமும் கேட்டார்:

"இந்தப் புரொஜக்டரால உங்க வகுப்புல ஏற்பட்ட பெரிய மாற்றம்னு எதைச் சொல்வீங்க?"

அவள் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணு படிப்பை விட்டுட்டா சார்."