சர்வருக்கு வாடகை வீடு பார்த்தது

எங்கள் கம்பெனியின் சர்வர்கள் இரண்டும் ஸ்டோர்ஸை ஒட்டி, முன்பு காலி டிரம் போட்டு வைத்திருந்த அறையில் குடியிருந்தன. கண்ணாடிக் கதவு போட்டு, ஜன்னல் ஏசி இரண்டு மாட்டி, "செருப்பைக் கழற்றவும்" என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். ஒரகடத்தில், கார் கம்பெனிக்குக் கதவு ரப்பர் செய்து கொடுக்கிற தொழிற்சாலை அது. நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஐடிஐயில் படித்தது வயரிங். கம்ப்யூட்டர் நானாகக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கற்றவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும், யார் பேசினாலும் காது கொடுத்து நிற்பான். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

அந்தக் கடைசிப் பக்கங்களில் பாதி டெஸ்பாட்ச் அக்காவுடையது. வடக்குப்பட்டுக்காரர். கம்பெனி திறந்தபோது பேக்கிங்கில் ஹெல்பராக வந்து, பத்து விரலையும் தேய்த்து டெஸ்பாட்ச் பொறுப்பாளர் நாற்காலி வரை வந்தவர். புதிதாக வந்த ஒரு மேனேஜரைப் பற்றி ஒருநாள் சொன்னார்: "அவரு டிரையல் பீஸு மாதிரி பேசறாரு தம்பி. பாக்க நல்லா கீது, மாட்டுனா மாட்டாது." வாரம் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதிமூன்றாம் வருடங்கள். கரண்ட் எப்போது போகும் என்று அப்போது யாரும் கேட்க மாட்டோம், எப்போது வரும் என்றுதான் கேட்போம். எங்கள் ஜெனரேட்டர் மெஷின்களுக்கே போதாது. சர்வர் அறையின் யுபிஎஸ் பேட்டரிகள் வயதாகிப் படுத்துவிட்டன. சர்வர் நின்றால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள் உண்டு, அது சர்வர் சொன்னால்தான் பிரின்டரில் வரும். கார் கம்பெனி கேட்டில் அந்த லேபிளை ஸ்கேன் செய்துதான் பெட்டியை உள்ளே விடுவார்கள். அவர்கள் சரக்கை இருப்பு வைப்பதில்லை. எங்கள் வண்டி நேரத்துக்குப் போகாவிட்டால் அவர்களுடைய லைன் நிற்கும். அப்படி இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் மெமோ அக்காவுக்குத்தான் வந்தது. டெஸ்பாட்ச் தாளில் கையெழுத்து அவருடையதாயிற்றே.

"மூணாவது மெமோ வந்தா இன்னா ஆவும்னு இதுல எழுதல பாரு தம்பி," என்று தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "எழுதாத எடத்துலதான் பயமே கீது." அவருடைய பெண் வாலாஜாபாத்தில் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அக்கா ஒருவர்தான்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை செய்தார். கரண்ட் இருக்கும்போதே அடுத்த வண்டிக்கான லேபிள்களை அடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, மேஜை டிராயரில் வைத்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த டிராயர் எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றியது.

இதற்கிடையில் ஃபேக்டரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சர்வர்களை வெளியே வைத்துவிடலாம் என்றார். கோலொகேஷன் என்று பெயர். சர்வர் நம்முடையது, இடம் அவர்களுடையது. கரண்ட், குளிர், காவல், கேபிள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. "நீயே நாலு எடம் பாத்து முடிவு பண்ணு. நீ சொல்றதுதான்." அப்படி ஒரு வார்த்தையை அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்காவிடம் விஷயம் அதற்குள் போய்விட்டிருந்தது. "இன்னா, நம்ம மிஷினுக்கு வாடகை வூடு பாக்குறியாமே? இங்க கெடந்தா மக்கர் பண்றப்ப போயி ஒரு தட்டு தட்டலாம். இனிமே பஸ் புடிச்சுப் போயா தட்டுவ?"

"தட்டவே வேணாம்க்கா. மூணாவது மெமோ வராது. நான் பாத்துக்கறேன்."

முதலில் பார்த்தது அம்பத்தூர் பக்கம் ஒரு பழைய கட்டடம். வெளிச்சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பொறுப்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒரு மனிதர். டீ கொடுத்த கையோடு ஒரு தடித்த ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டார். எந்தெந்த நாள் என்னென்ன நின்றது, ஏன் நின்றது, பிறகு என்ன மாற்றினார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. "போன மாசம் பதினோரு நிமிஷம் நின்னுச்சு சார். பேட்டரி டெர்மினல் லூஸு. எங்க தப்புதான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதே ஒருவர் தன் புண்ணைத் திறந்து காட்டுவாரா? கிளம்பும்போது சொன்னார்: "வியாழக்கிழமை மூணு மணிக்கு வாங்க. வாராவாரம் மெயினை ஆஃப் பண்ணிப் பாப்போம். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

நான் அந்த வியாழக்கிழமை போகவில்லை. மறுநாள் எங்களுக்குக் கார் கம்பெனி ஆடிட். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆடிட்டுக்கு முதல் நாள் தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். உடைந்த டிராலிகள் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் போகும். பழுதுக் குறிப்பு நோட்டு ஒன்று மறைந்து, சுத்தமான கையெழுத்தில் இன்னொன்று வரும். அன்று மூன்று மணிக்கு நான் பிரஷ்ஷும் கையுமாக ஸ்டோர்ஸ் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் இரண்டாவது இடம். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை மேலேயே, எங்கள் கம்பெனியிலிருந்து அரை மணி தூரம். உள்ளே காலடி வைத்ததும் புது பெயின்ட் வாசனை. தரையில் மஞ்சள் கோடு பளபளத்தது. செருப்புக்கு நீல உறை கொடுத்தார்கள். சுவரில் சட்டம் போட்ட சர்டிபிகேட்டுகள். என் பெயரை எழுதி வரவேற்புப் பலகை வைத்திருந்தார்கள். என் பெயரைப் பலகையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் வருகிறேன் என்பதற்காகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் மனம் குளிர்ந்தது. நம்மைப் போலவே வேலை தெரிந்தவர்கள், வருகிறவரை மதிக்கிறவர்கள் என்று நினைத்தேன். நின்றுபோன கணக்கு ஏதும் உண்டா என்று கேட்டேன். "இதுவரைக்கும் ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல சார்" என்றார், டை கட்டிய விற்பனை அதிகாரி. மெயினை ஆஃப் செய்து காட்ட முடியுமா என்றதற்கு, "உள்ள மத்த கஸ்டமர் சர்வரெல்லாம் ஓடுதே சார், ரிஸ்க் எடுக்க முடியுமா?" என்றார். நியாயம்தானே என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்து இரண்டு இடத்தையும் அக்காவிடம் விவரமாகச் சொன்னேன். பெட்டிகளை எண்ணிக்கொண்டே கேட்டவர் நிமிர்ந்தார்.

"நின்னதே இல்லன்றானா? அப்ப அவன் எண்ணவே இல்ல தம்பி."

என்ன அழகாகச் சொல்லிவிட்டார் என்று பூரித்துப்போனேன். உடனே டைரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் இடத்துக்கே சிபாரிசுக் கடிதம் டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

சர்வர்களை வேனில் ஏற்றிய அன்று அக்கா வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதியைக் கொண்டுவந்து இரண்டின் நெற்றியிலும் பூசினார். "போற எடத்துல ஒழுங்கா இரு." அங்கே இறக்கும்போது, "டஸ்ட் ஆகும் சார்" என்று ஒருவர் துணியால் துடைத்துவிட்டார்.

நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம், இரண்டு மாதம், கரண்ட் போனாலும் லேபிள் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் அக்காவிடம் டிராயரைக் காலி செய்யச் சொன்னேன். கையிருப்பு லேபிள் இருப்பதைப் பார்த்தால் ஆடிட்டில் கேள்வி வரும், பெட்டி மாறி ஒட்டிவிடுவீர்கள் என்பார்கள். "இனிமே தேவையில்லக்கா. எதுக்கு வம்பு?" அவர் டிராயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரி."

எட்டாவது மாதம், காலை பத்து மணி சுமாருக்குப் பிரின்டர் நின்றது. எங்கள் ஃபேக்டரியில் அன்றைக்குக் கரண்ட் ஜோராக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இல்லை. ஃபோன் செய்தால், "ஜெனரேட்டர் ஓடுது சார்" என்றார்கள். ஓடியிருக்கிறது. அதன் கரண்ட்டை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டிய சுவிட்ச்தான் மாறவில்லை. கையால் மாற்றத் தெரிந்தவர் லீவு. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுப் படுத்துவிட்டது. வாராவாரம் ஆஃப் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வாசலில் லாரி நின்றது. திருநெல்வேலி டிரைவர் கேபினிலிருந்து என் பக்கம் தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, லோடு ஏத்தியாச்சுல்லா? ஒரு துண்டுச் சீட்டுக்காவா வண்டிய நிப்பாட்டியிருக்கிய?" என்றார். அக்கா ஸ்கெட்ச் பேனாவால் அட்டையில் பார்ட் நம்பர் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டி வண்டியை அனுப்பிவைத்தார். கார் கம்பெனி கேட்டில் ஸ்கேனர் அட்டையைப் படிக்கவில்லை. வண்டி வெளியிலேயே நின்றது. உள்ளே லைன் நின்றது.

மூன்றாம் நாள் விசாரணை. கார் கம்பெனியின் குவாலிட்டி அதிகாரி வந்திருந்தார். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு நிரப்புகிற தாள் ஒன்று உண்டு. அதை எங்கள் மேனேஜர் போர்டில் எழுதிக்கொண்டு வந்தார். வண்டி ஏன் உள்ளே போகவில்லை? லேபிள் இல்லை. லேபிள் ஏன் இல்லை? சர்வர் நின்றது. சர்வர் ஏன் நின்றது? வைத்திருந்த இடத்தில் கரண்ட் கோளாறு. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார்: "செலக்‌ஷன் பத்தி வாயத் தொறக்காத. நம்ம சிஸ்டமே சரியில்லன்னு பார்ட் ஆர்டரையே புடுங்கிடுவாங்க."

குவாலிட்டி அதிகாரி வேறு கேட்டார். "முன்னாடி இங்க லேபிள் அடிச்சு ரெடியா வெச்சிருந்தாங்களே, நானே பாத்திருக்கேன். அதை ஏன் நிறுத்துனீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினார். முறைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட்டை எடுத்து நீட்டட்டும் என்று காத்திருப்பது போல, சாதாரணமாகத்தான் பார்த்தார். என்னிடம்தான் பதில் இருக்கிறது, நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தார். நான் போர்டைப் பார்த்தேன். யார் எதைச் சொன்னாலும் டைரியில் எழுதி வைக்கிற நான், டிராயரைக் காலி செய்யச் சொன்னதை மட்டும் எங்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"டெஸ்பாட்ச், எழுத்து அனுமதி இல்லாமல் நடைமுறையை நிறுத்தியது" என்று மேனேஜர் எழுதினார். கடைசியில் தாள் அக்காவிடம் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

வேலை போகவில்லை. நாற்காலி போயிற்று. மறுபடி பேக்கிங் லைனுக்கு, நின்றுகொண்டே எட்டு மணி நேரம், வந்த இடத்துக்கே அனுப்பினார்கள். ஓடி முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு நாள் ஓடிவிட்டது.

அதே மாதம் ஒரு வியாழக்கிழமை அம்பத்தூர் போனேன். மூன்று மணிக்கு அந்த மனிதர் மெயினை இறக்கினார். விளக்கு ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதி, சாட்சிக்கு என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். சர்வர்களை அங்கேயே மாற்றினோம். இறக்கும்போது ஸ்க்ரூ குழியில் கொஞ்சம் விபூதி ஒட்டியிருந்ததைப் பார்த்தார். துடைக்கவில்லை.

டெஸ்பாட்ச்சுக்குப் புதிதாக வந்தவருக்கு இப்போது எழுத்திலேயே உத்தரவு இருக்கிறது: அடுத்த வண்டிக்கான லேபிள்களை முன்கூட்டியே அடித்து டிராயரில் வைக்க வேண்டும். கீழே கையெழுத்து என்னுடையது.

பேக்கிங் லைனைத் தாண்டித்தான் நான் தினம் என் மேஜைக்குப் போக வேண்டும். அக்கா கை நிற்காமல் ரப்பரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்பார்.

"இன்னா சார், மிஷினு நல்லா கீதா?"

"நல்லா இருக்குக்கா" என்பேன். அந்த விசாரணைக்கு முன்னால் ஒருநாள்கூட அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.