மஞ்சள் தண்ணி ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் என் முன்பல்லை உடைத்தது ஒரு புதன்கிழமை. குளிக்க வைக்கப் போனேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம். சட்டைப் பட்டனில் கை வைத்ததும் முழங்கையால் ஒரே இடி. வாயெல்லாம் ரத்தம். "திருடி, திருடி!" என்று சுங்கை பினாங் பிளாட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தல் வேறு. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தாள், சட்டென்று மூடிக்கொண்டாள். காலமெல்லாம் லாரி ஓட்டிய கை அது. மறதி நோய் மூளையைத் தின்றதே தவிர, அந்தக் கையை ஒன்றும் செய்யவில்லை.

தட்டு, கிளாஸ், ரிமோட் எல்லாம் பறப்பது வழக்கம்தான். ஆனால் குளிப்பாட்டுகிற நேரம் கொலைவெறி. கிள்ளுவார், கடிப்பார், என் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதுவார். நாலு நாள் குளிக்காமல் விட்டால் தொடையிடுக்கில் புண் வந்துவிடும். விட முடியுமா, சொல்லுங்கள்?

கிளினிக்கில் மிஸ்ஸி, அதான் நர்ஸ், சின்னப் பெண், அன்பாகத்தான் சொன்னாள். "சண்டை போடாதீங்க ஆன்ட்டி, சிரிக்க வைங்க. அங்கிளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லதுலா." எனக்கு வந்ததே ஆத்திரம்! "மொதல்ல எனக்கு ஒரு பல்லு கட்டிக் குடு, அப்புறம் சிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பல் போன சேதி செபராங் ஜெயாவில் இருக்கிற மகனுக்கு எட்டியது. உடனே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டான். "ஞாயித்துக்கெழம வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். அடுத்து உங்க கழுத்த நெரிப்பாரு, நான் வந்து பொணத்தத் தூக்கணுமா?" அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த இல்லத்தை நானும் போய்ப் பார்த்தேன். அடிக்கிறவர்களைக் கட்டிலோடு கட்டி வைக்கிறார்கள். துணியால்தான் கட்டுவோம், வலிக்காது என்றார்கள். பாவிகளா! இந்த மனுஷனைக் கட்டிப்போட்டால் ஒரு மாதம் தாங்கமாட்டார், செத்துவிடுவார். எனக்கு அது தெரியும். என் மகனுக்கும் தெரியும்.

ஞாயிறு காலை அவர் துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. அழுக்கு உடம்போடு அனுப்பமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "சரி, நான் புடிச்சிக்கிறேன், நீங்க ஊத்துங்கம்மா" என்று மகன் பாத்ரூமுக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தான். அவர் மாடு மாதிரி அலறினார். திமிறித் திரும்பி மகன் வயிற்றில் உதைத்தார். அவன் தலை குழாயில் இடித்து நெற்றி பிளந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் இவனுக்கும் புத்தி கெட்டுவிட்டது. பெற்ற அப்பனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான்.

"டேய்!" என்று கத்தினேன். கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே இரண்டு பேர் மேலும் வீசி அடித்தேன், நாய்ச் சண்டையைப் பிரிக்கிற மாதிரி.

அவர் மூச்சு வாங்கினார். முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். அட கடவுளே, அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று!

"ஏய் அத்த மவளே, வெறும் தண்ணியா ஊத்துற? மஞ்ச எங்க?"

நான் அவருக்குச் சொந்த அத்தை மகள். நிபோங் திபால் தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிகிற அன்று, முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணி ஊற்றுவோம். யாரும் கோபப்படக் கூடாது, வேண்டுமானால் திருப்பி ஊற்றலாம். கல்யாணத்துக்கு முன்னால் இவரைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகத் துரத்தி ஊற்றியிருக்கிறேன்.

அடுப்படிக்கு ஓடினேன். மஞ்சள்தூள் டப்பாவை வாளியில் கவிழ்த்து, தண்ணீரை நிரப்பி, செம்போடு தூக்கி வந்தேன். "மாட்டுனீங்களா மச்சான்!" கல்யாணத்துக்கு அப்புறம் 'என்னாங்க'தான், மச்சான் என்று கூப்பிட்டதே இல்லை. அவர் சட்டையைத் தானே கழற்றி எறிந்தார். செம்பைப் பிடுங்கி என் தலையில் ஊற்றினார், மகன் மேலும் ஊற்றினார், கெக்கெக்கே என்று சிரித்தார். "மொகரையப் பாரு" என்று வைதுகொண்டே நான் சோப்புப் போட்டேன். முதுகைக் காட்டச் சொன்னால் காட்டினார். மகன் ரத்தமும் மஞ்சளுமாய் ஓரமாக நின்றான்.

தலை துவட்டும்போது, "உன்னக் கட்டமாட்டேன்" என்றார் திடீரென்று.

"ஏனாம்? எனக்கென்ன கொறச்சல்?"

"நீயும் அடிப்ப. இங்க எல்லாரும் அடிக்கிறாங்க, கையப் புடிச்சு முறுக்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அடி வாங்கியது நான், பல் போனது எனக்கு. பயந்துபோய்க் கிடந்தது இந்த மனுஷனா!

"அப்ப யாரத்தான் கட்டுவீங்க?"

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உன்னத்தான். ஆனா அடிக்கக் கூடாது."

"அடிக்கமாட்டேன் மச்சான்" என்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் மகன் பக்கம் விரலை நீட்டினார். "இவனையும் சொல்லச் சொல்லு."

மகன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "மாட்டேன்பா" என்றான். வாசலுக்குப் போய்ப் பையைப் பிரித்து, அப்பாவுக்கு ஒரு சட்டையை எடுத்து வந்து கொடுத்தான்.