ஏழாவது வாரத்து ஸ்கேன்

திருச்சியில் ஒரே ஸ்கேன் சென்டருக்கு நானும் அங்கே பழக்கமான ஒருத்தியும் இரண்டு வருடம் போய்க்கொண்டிருந்தோம். நான் ஸ்ரீரங்கம், அவள் எடமலைப்பட்டி புதூர். இருவருக்கும் குழந்தை இல்லை. கருமுட்டை வளர்ந்திருக்கிறதா என்று மாதாமாதம் சில நாட்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். "எத்தன எம்எம்க்கா?" என்பாள், நான் வெளியே வந்ததும். பதினெட்டு, முட்டை முதிர்ந்துவிட்டது என்றால் என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

நாத்தனார் வளைகாப்பில் எனக்கு மட்டும் வளையலைக் கொடுக்காமல் தாண்டிப் போனார்கள். மறுநாள் அவளிடம்தான் போய்க் கொட்டினேன். "பிள்ளை இல்லாதவ கண்ணு மட்டும் கொள்ளிக்கண்ணா? இதுங்கல்லாம் மனுஷங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் சென்டரே திரும்பிப் பார்த்தது.

பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. ஏழாவது வாரம் இதயத்துடிப்பு பார்க்க வரச் சொன்னார்கள். "அஞ்சு மாசம் வரைக்கும் மூச்சு விடாத. அந்தப் புதூர்க்காரிகிட்ட சொல்லவே சொல்லாத" என்றாள் அம்மா. அம்மாமேல் பழிபோட்டு என்ன பிரயோஜனம்? எனக்கும் பயம்தான்.

போனால், அவள் உட்கார்ந்திருக்கிறாள். பையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

"என்னக்கா, ஆளையே காணோம்?"

"ஊருக்குப் போயிருந்தேன். இன்னிக்கி முட்டை ஸ்கேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து மடக்கு மடக்கென்று குடித்தேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் பாட்டிலையே பார்த்தாள். முட்டை ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அது எங்கள் இருவருக்கும் அத்துப்படி. சீ, பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லாத ஜென்மம் நான்.

"எத்தன வாரம்க்கா?" என்றாள் மெதுவாக.

"ஏழு."

"என் கண்ணு பட்டுடும்னுதானே சொல்லல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் என்னைக் கொல்கிறது. "போயிட்டு வாங்க. நான் பாக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே திரையில் அரிசி அளவுக்கு ஒன்று மினுக்மினுக்கென்றது. நான் அழுதேன். டாக்டர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு டிஷ்யூ பேப்பர் கொடுத்தார்.

வெளியே வந்தேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடியபடியே கேட்டாள்:

"துடிப்பு இருக்காக்கா?"