கம்ப்யூட்டருக்குக் கேட்ட பூ

திரையின் வலது மூலையில் அந்தச் சின்னப் பெட்டி தினமும் எட்டிப் பார்க்கும். 'அப்டேட் தயார், இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா?' என்று கேட்கும். நான் 'பிறகு' என்பதை அழுத்துவேன். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது 'அப்டேட் செய்து அணை' என்பதை விட்டுவிட்டு, வெறும் 'அணை' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அழுத்துவேன். வேண்டாத விருந்தாளியிடம் கதவைப் பாதி திறந்து பேசி அனுப்புவது போல மாதக்கணக்காக இது நடந்துகொண்டிருந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பேட்டர்ன் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் ஒவ்வொரு சைஸிலும் திரையில் வரைந்து, துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்குவது என் வேலை. அந்த அடுக்குக்கு மார்க்கர் என்று பெயர். ப்ளாட்டர் என்கிற நீளமான பிரிண்டர் அதை நிஜ அளவில் பேப்பரில் வரைந்து தள்ளும். கட்டிங் மேஜையில் துணியின் மேல் அந்தப் பேப்பரை விரித்து, கோட்டைப் பிடித்து வெட்டுவார்கள். பேப்பர் வராவிட்டால் கட்டிங் நிற்கும். கட்டிங் நின்றால் பின்னாலேயே தையலும் நிற்கும்.

எங்கள் ப்ளாட்டர் பழசு. அந்த அப்டேட் கொண்டுவரும் புதிய ஓஎஸ்ஸோடு அது ஒத்துப்போகுமா என்று சர்வீஸ்காரரிடம் கேட்டேன். தாராபுரத்திலிருந்து பைக்கில் வந்துபோகிறவர் அவர். "சிஸ்டம் வந்துருமுங்க்கா. ப்ளாட்டர் வருமான்னு கேட்டா நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேனுங்க" என்றார்.

அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ப்ளாட்டர் நிற்பதைப் பற்றிய பயம்கூட இல்லை அது. ஊருக்குள்ளேயே ராயபுரத்தில் மார்க்கர் போட்டுத் தருவதற்கென்றே கடைகள் இருக்கின்றன. அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேப்பரைச் சுருட்டி ஆட்டோவில் அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை வேலை அங்கே போய் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டால், எனக்கென்று ஒரு அறையும் ஏ.சி.யும் எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்குத் தெரிந்த பேட்டர்ன் பெண்கள் சிலருடைய நாற்காலி அப்படித்தான் போனது. ஐம்பதை நெருங்குகிற ஒருத்திக்கு வேறு எந்தக் கம்பெனி நாற்காலி போடும்? அதனால்தான் 'பிறகு', 'பிறகு' என்று அழுத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வந்ததும் அந்த விளையாட்டு முடிந்தது. அடுத்த சீசனிலிருந்து பழைய ஓஎஸ் உள்ள கம்ப்யூட்டரில் அவர்களுடைய வெப்சைட் திறக்காது என்று எழுதியிருந்தார்கள். முதலாளி என் அறைக்கு வந்தார். தாத்தா காலத்தில் தறி போட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்ம்மா, இத எப்பத்தானுங்க மாத்தறது?"

"தீபாவளி லீவுல பண்ணிரலாம் சார். ஊரே காலியா இருக்கும், கட்டிங்கும் இருக்காது. ஏதாவது கோளாறு ஆனாலும் சரி பண்ண நேரம் கெடைக்கும். அதுக்கு முன்னாடி பேட்டர்ன் எல்லாத்தையும் நான் தனியா காப்பி எடுத்து வச்சிருதேன்." திருப்பூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து 'வச்சிருதேன்' என்னை விட்டுப் போகவில்லை.

"சர்வீஸ்காரரு அப்ப ஊர்ல இருப்பாருங்களா?"

"லீவுக்கு முந்துன நாளே வரச் சொல்லி வச்சிருவோம் சார்."

நான் சொன்னதில் குறை கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கட்டிங் மேஜையைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம மலைக்குப் போயி ஒருக்கா பூ கேட்டுக்கலாமுங்க. நீங்களும் வாங்க" என்றார்.

பூ கேட்பது அந்த வீட்டில் புதிதல்ல. கல்யாணம், போர்வெல் போடுவது, புது மெஷின் என்று எதற்கும் முருகனிடம் பூ கேட்காமல் அவர் நகர மாட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து, மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் அப்டேட்டுக்கா? நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

மலைக்கோயில் சன்னதியில் முதலாளி கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். குருக்கள் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளை. முதலாளி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியில், "நீங்க சொன்னாப்பல தீபாவளி லீவுலயே மாத்திக்கலாமுங்க" என்றார். முருகனும் என் கட்சிதான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

முருகனும் நானும் முதலாளியும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். கம்ப்யூட்டரிடம் யாரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு ஊசியிலிருந்து பாய்லர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் கம்ப்யூட்டருக்கும் மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு, கீபோர்டின் மேல் சாமந்திப் பூ. ஆரத்தி காட்டும்போது மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது முதலாளியின் மனைவியுடைய கண்டிப்பு. அதனால் திரையைப் போட்டு வைத்திருந்தேன். பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது.

அந்த அம்மாள் கற்பூரத் தட்டோடு என் மேஜைக்கு வந்து சுற்றிக் காட்டினார். தட்டு நகர்ந்த உடனே மூலையில் அந்தப் பெட்டி எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை அது கேட்கவில்லை. 'இன்று இரவு ரீஸ்டார்ட் செய்யப்படும்' என்று முடிவாகவே சொன்னது. அதன் கீழே 'பிறகு' என்ற பட்டன் இருந்தது. என் கை தானாக மௌஸுக்குப் போனது.

"தொடாத கண்ணு, சாமி கும்புட்டாச்சு" என்றார்.

"அக்கா, இந்த ஒண்ண மட்டும் அமுக்கிருதேன். இல்லன்னா அதுவா மாறிரும்."

"நாளைக்கு வெடியாலே வந்து அமுக்கிக்கலாம். இன்னைக்கு அதுவும் இருக்கட்டும் கண்ணு."

விளக்கிச் சொல்லியிருக்கலாம்தான். சுற்றிலும் ஆட்கள் பொரியும் சுண்டலும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வேறு சாமி கும்பிடுகிற நான் அந்த இடத்தில் பிடிவாதம் பிடித்தால் நன்றாக இருக்காது என்று கையை எடுத்துவிட்டேன். ஒரே ஆறுதல், பூஜைக்காக மேஜையை ஒழிக்கும்போதே பேட்டர்ன் அனைத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஹேண்ட்பேக்கில் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து திரையைப் பார்த்தால் எல்லாம் புதுசு. சாப்ட்வேர் திறந்தது. பேட்டர்ன்கள் பத்திரமாக இருந்தன. மார்க்கரைப் போட்டு ப்ளாட்டருக்கு அனுப்பினேன். அது அசையவே இல்லை. சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். ப்ளாட்டரை இயக்கும் ட்ரைவர் ப்ரோகிராம் ஒன்றைப் புதிதாகத் தேடிப் போட வேண்டும், சாயந்திரம்தான் வர முடியும் என்றார். கட்டிங் மாஸ்டர் வந்து நிலைப்படியில் நின்றார். "துணி விரிச்சாச்சுங்க்கா. பேப்பர் எங்கீங்க?"

வேறு வழியில்லை. மார்க்கர் பைலை நானே ராயபுரம் கடைக்கு அனுப்பினேன். என் கழுத்துக்குக் கயிற்றை நானே திரித்துக் கொடுத்தது போல இருந்தது. மதியத்துக்குள் பேப்பர் வந்துவிட்டது. கோடெல்லாம் எங்கள் ப்ளாட்டரில் வருவதைவிடத் தெளிவாகவே இருந்தது. கட்டிங் ஓட ஆரம்பித்தது. நான் பயந்தது அப்படியே, எந்தச் சிரமமும் இல்லாமல், நடந்து முடிந்தது.

முதலாளி என் அறைக்கு வந்து நின்ற நேரத்தில் அவர் போன் அடித்தது. ராயபுரம் கடைக்காரர். ஸ்பீக்கரில் போட்டார். "அளவ மட்டும் குடுங்க சார். மார்க்கரும் நாங்களே போட்டுத் தந்தர்றோம். உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலவலியெல்லாம்?" கீபோர்டில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாமுங்க. எங்களுக்கு ஆள் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "ஏன் சார் வேண்டாம்னீங்க? நல்லாத்தானே வந்திருக்கு."

"அதுக்குத்தானுங்களே அன்னிக்கே மலைக்குப் போயி பூ கேட்டுட்டு வந்தேன்."

"அது அப்டேட்டுக்குக் கேட்டது சார்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு யாராச்சும் பூ கேப்பாங்களாங்ம்மா? இந்த வேலைய வெளிய குடுத்தறலாம்னு எம்பையன் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கறானுங்க. உங்கள வெச்சுக்கலாமுங்களான்னுதான் கேட்டேன். யாருக்குக் கேக்கறமோ அவங்களும் வந்து நிக்கோணும். அதுனாலதானுங்க உங்களயும் கூட்டிட்டுப் போனது."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் இத்தனை வருஷ வேலையை ஒரு பொட்டலத்தில் மடித்து வைத்துக் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"செவப்பு வந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "மறுக்காவும் கேட்டிருப்பேனுங்க. வெள்ள வர்ற வரைக்கும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சர்வீஸ்காரர் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று, எழுந்து ப்ளாட்டருக்குப் புது பேப்பர் ரோல் மாட்டினேன்.